அப்பாவின் படம்: அலுமினியத் தகடா, அக்ரிலிக்கா? எதுவானாலும் அம்மா பொட்டு வைப்பார்

கிராணியம்மா, சுங்கை சிப்புட்
சனிக்கிழமை இரவு

வணக்கம். அடுத்த மாதம் அப்பாவுக்கு முதலாம் ஆண்டுத் திதி. அதற்குள் ஒரு படம் போட்டாக வேண்டும். கண்ணாடிச் சட்டம் இனி வேண்டாம் என்பதில் மட்டும் எங்கள் வீட்டில் ஒற்றுமை. மற்ற எல்லாவற்றிலும் சண்டை. அதனால்தான் இங்கே வந்து கேட்கிறேன்.

முதலில் படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 1981இல் எங்கள் ரப்பர் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவன்று, சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த மாமா எடுத்தது. 3ஆர் என்ற சிறிய அளவு, வண்ணப்படம். வெள்ளை வேட்டி, தோளில் வெள்ளைத் துண்டு, நெற்றியில் மூன்று பட்டைத் திருநீறு, காலில் செருப்பில்லை. பின்னால் பால்மரங்கள் வரிசையாக நிற்கின்றன; உற்றுப் பார்த்தால் மரத்துக்கு மரம் பால் வடியும் மங்கு தெரியும். மற்ற நாளெல்லாம் தோளில் காண்டாக் கழியும் பால் வாளியுமாக நடந்த மனிதர் அன்றைக்கு மட்டும் வெறுங்கையை என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறார். அவர் சிரித்திருக்கும் ஒரே படம் அதுதான். அடையாள அட்டையில் யாரையோ அடிக்கப் போகிறவர் மாதிரி இருப்பார்.

அந்த மரங்களும் இப்போது இல்லை. எல்லாம் செம்பனையாகிவிட்டது. பக்கத்துக் கோலகங்சாரில் 1877இல் நட்ட பால்மரம் ஒன்றை வேலி போட்டுக் காப்பாற்றுகிறார்கள். அப்பா பால் வெட்டிய மரத்தில் ஒன்றைக் காட்டு என்றால் இந்தப் படத்தைத்தான் காட்ட வேண்டும்.

படத்தின் நிலைமை மோசம். லயத்து வீட்டின் பலகைச் சுவரில் பாதிக் காலம், இங்கே தாமான் குடியிருப்புக்கு வந்தபின் மீதிக் காலம் என்று ஒரே சட்டத்துக்குள் இருந்திருக்கிறது. காகிதம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. கீழ் மூலையில் பூஞ்சை. மொத்தமும் சிவந்துபோய், திருநீறு ரோஜா நிறத்திலும் மரங்கள் செங்கல் நிறத்திலும் இருக்கின்றன.

அண்ணன் ஜொகூர் பாருவில் இருக்கிறார். முதலாளி வீட்டில் அக்ரிலிக் படம் ஒன்றைப் பார்த்துவிட்டார். "படம் தண்ணீருக்குள் இருப்பதுபோல் இருக்கிறது, அப்பாவுக்கு அதைத்தான் போடுகிறோம்" என்கிறார். நான் செம்பனை ஆலை அலுவலகத்தில் கணக்கெழுதுகிறவள். எங்கள் மானேஜர் அறையில் ஆலையின் படம் அலுமினியத் தகட்டில் தொங்குகிறது. நான்கு ஆண்டாக ஆலைப் புகையையும் ஈரத்தையும் தின்றுகொண்டு அப்படியே இருக்கிறது. அதனால் என் ஓட்டு தகட்டுக்கு.

அம்மாவுக்கு இரண்டும் ஒன்றுதான். "எதில் வேண்டுமானாலும் போடுங்கள். நான் பொட்டு வைப்பேன்" என்று சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமைதோறும் சந்தனம், அதன்மேல் குங்குமம், கீழே விளக்கு, பிறகு சாம்பிராணி. நாற்பது ஆண்டு பால் வெட்டிய கை அது. விரல் நுனி உப்புத்தாள் மாதிரி இருக்கும். அந்த விரலைத் தாங்கும் படம் எது என்பதுதான் என் கேள்வி.

விலைப்பட்டியல் கேட்டு ஒரு கடைக்கு எழுதினேன். வெள்ளை அடியா வெள்ளி அடியா, பளபளப்பா மங்கலா, கனம் எத்தனை மில்லிமீட்டர், மாட்டுவது எப்படி என்று பதினோரு கேள்வி கொண்ட படிவம் வந்தது. வருமான வரிப் படிவம்கூட இதைவிடச் சுலபம். கூரை தகரம், மத்தியானம் வீடு அடுப்பாக இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.


பழைய சட்டக்கடை, ஈப்போ
ஞாயிறு காலை

அம்மா, முப்பது ஆண்டு சட்டம் போட்டு விற்றவன் நான். கடைசிச் சில ஆண்டுகளில் தகடும் அக்ரிலிக்கும் வாங்கிக் கொடுத்தேன். இப்போது கடை இல்லை. ஆகையால் விற்பதற்காகப் பேசவில்லை.

முதல் வேலை: அந்தப் படத்தைக் கண்ணாடியிலிருந்து உரிக்காதீர்கள். யார் சொன்னாலும் உரிக்காதீர்கள். படத்தின் மேற்பூச்சு ஜெலட்டின். ஈரத்தில் ஊறிக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு காய்ந்திருக்கிறது. இழுத்தால் வெறும் தாள் உங்கள் கையில் வரும், முகம் கண்ணாடியில் நின்றுவிடும். என் கடையிலேயே ஓர் அம்மா தன் கல்யாணப் படத்தை அப்படி இழுத்துவிட்டு அழுததைப் பார்த்திருக்கிறேன். மரச்சட்டத்தை மட்டும் கழற்றி, கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் எடுங்கள். அங்குலத்துக்கு 600 புள்ளி போதும். 1200 வைத்தால் அப்பா பெரிதாக மாட்டார், தூசிதான் பெரிதாகும்.

சிவந்து போனதற்குக் காரணம், அந்தக் காலத்து வண்ணத்தாளில் நீலப்பச்சைச் சாயம் மற்றதைவிட முந்தி மங்கிவிடும். இருட்டில் வைத்திருந்தாலும் மங்கும். மீதமிருப்பது சிவப்பும் மஞ்சளும். ஸ்கேன் செய்தபின் கணினியில் பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். படத்தில் எது வெள்ளை என்று காட்டினால் மற்ற நிறங்கள் அதைப் பிடித்துக்கொண்டு வழிக்கு வரும். உங்களுக்கு வேட்டியே இருக்கிறது, கவலையில்லை. ஒன்று மட்டும் எழுதிக் கொடுங்கள்: "முகத்தை வெளுக்க வேண்டாம்." சொல்லாவிட்டால் நம் ஸ்டூடியோக்காரர்கள் பால் வெட்டியவரைப் பால் நிறத்தில் திருப்பிக் கொடுப்பார்கள். கைப்பேசிச் செயலியில் போட்டுத் தெளிவாக்குவதும் வேண்டாம். அது இல்லாத பல்லை வைத்துக் கட்டும்.

இனி தகடு. திறந்து வைத்த சூடம் உருகாமலே காணாமல் போகிறதே, அதே சங்கதிதான் இதிலும். சிறப்பு மையால் படத்தை இடம்வலம் மாற்றித் தாளில் அச்சிட்டு, பூச்சுப் பூசிய அலுமினியத்தின்மேல் கவிழ்த்து, ஏறத்தாழ 200 டிகிரி சூட்டில் அழுத்துவார்கள். மை திரவமாகாமல் நேராக ஆவியாகிப் பூச்சுக்குள் புகுந்துகொள்ளும். அதனால் படம் மேலே ஒட்டியிருப்பதில்லை, பூச்சுக்குள்ளே இருக்கிறது. சந்தனம் அதை அழிக்காது.

இந்த மையில் வெள்ளை என்ற நிறமே கிடையாது. வெள்ளையாக இருக்க வேண்டிய இடத்தில் மை விழாது. அடியில் இருப்பது தெரியும். வெள்ளி அடி கேட்டால் உங்கள் அப்பாவின் வேட்டியும் துண்டும் திருநீறும் வெறும் அலுமினியமாகப் பளிச்சிடும். கடலும் காரும் அதில் அழகு. திருநீறு பூசிய மனிதருக்கு ஆகாது. வெள்ளை அடி என்று படிவத்தில் இரண்டு முறை எழுதுங்கள்.

மங்கலான மேற்பரப்பில் எதிர்ச் சன்னல் தெரியாது என்பது உண்மை. ஆனால் விரல் படும் படத்துக்குப் பளபளப்புதான் துடைக்க எளிது.

அண்ணன் பார்த்தது வேறு. காகிதத்தில் அச்சிட்ட நிழற்படத்தை அக்ரிலிக் பலகையின் பின்புறம் பசையிட்டு ஒட்டுவது. 1969இல் சுவிட்சர்லாந்தில் கண்டுபிடித்த டயாசெக் முறையிலிருந்து வந்த வழக்கம். தண்ணீருக்குள் இருப்பதுபோன்ற அந்த ஆழம் வேறெதிலும் வராது, அண்ணன் ரசனையைக் குறை சொல்ல மாட்டேன். மலிவாகச் செய்கிறவர்கள் பலகையின் பின்புறத்திலேயே நேராக அச்சிட்டு, அதன்மேல் வெள்ளை மை பூசுவார்கள். அந்த வெள்ளைப் பூச்சு விட்டுப்போனால் வேட்டி வழியாகச் சுவர் தெரியும்.

ஆனால் அக்ரிலிக் மென்மையானது. காய்ந்த சந்தனத்தைத் துணியால் ஒரு தேய் தேய்த்தால் மெல்லிய கோடுகள் விழும். 100 டிகிரியை ஒட்டி இளகும், தீப்பட்டால் எரியும். கீழே விளக்கு ஏற்றுகிற இடத்தில் நான் அதை மாட்ட மாட்டேன். தகட்டுக்கும் சூடத் தட்டை நெருக்கிக் காட்டாதீர்கள், பூச்சு கருகும். ஆனால் அது எரிந்து வீட்டைக் கொளுத்தாது.


தைப்பிங் மழை
ஞாயிறு மாலை

கிராணியம்மா அக்கா, எங்கள் மாமியார் படம் அக்ரிலிக்தான். ஐயா சொன்னதோடு என் அனுபவத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வந்த அன்றைக்கு வீடே வாயடைத்துப் போனது உண்மை. மாமியாரின் மூக்குத்திக் கல் எழுந்து நின்றது. நான்கு மூலையிலும் துளையிட்டு எஃகுக் குமிழ் வைத்து மாட்டினோம். மூன்று மாதம் கழித்து தீபாவளிக்கு வீடு துடைக்கும்போது என் நாத்தனார் சன்னலுக்கு அடிக்கிற நீலத் திரவத்தை இதிலும் அடித்துவிட்டார். கண்ணாடி மாதிரி இருந்தால் கண்ணாடித் திரவம்தானே என்று நினைத்தார், பாவம். அடுத்த சில வாரத்தில் துளைகளைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி நுண்ணிய வெடிப்பு. விசாரித்தபோதுதான் அம்மோனியாவும் சாராயமும் கலந்த திரவம் அக்ரிலிக்குக்கு எதிரி என்று தெரிந்தது. துளையிட்ட இடத்தில் பலகை ஏற்கெனவே இறுக்கத்தில் இருக்குமாம், வெடிப்பு அங்கேதான் முதலில் வரும். கீறலையாவது மெருகுப் பசை போட்டுத் தேய்த்துக் குறைக்கலாம். இந்த வெடிப்புக்கு வைத்தியம் இல்லை. இப்போது குமிழ்களுக்கு மேல் பிளாஸ்டிக் பூ ஒட்டி மறைத்து வைத்திருக்கிறோம்.

இன்னொன்று தூசி. உலர்ந்த துணியால் துடைக்கத் துடைக்க அக்ரிலிக் மின்னேற்றம் பெற்று இன்னும் தூசியை இழுக்கும். சாம்பிராணி போடுகிற வீட்டில் கேட்கவே வேண்டாம். நான் இப்போது வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு விட்டு, மைக்ரோஃபைபர் துணியை நனைத்துப் பிழிந்து, அழுத்தாமல் ஒற்றி எடுக்கிறேன். காகிதத் துவாலை தொடக்கூடாது.

நாத்தனார் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அது தனிக் கதை.


கோலகங்சார் ராஜாளி
ஞாயிறு இரவு

படம் சரி, மாட்டுவதைப் பற்றி யாரும் பேசவில்லையே. தகட்டின் பின்னால் ஒரு கட்டையை இரட்டைப் பக்க ஒட்டுநாடாவால் ஒட்டி அனுப்புகிறார்கள். தகரக் கூரை வீட்டு மத்தியானத்தில் அந்த ஒட்டுநாடா என்ன ஆகும் என்று அச்சிடுகிறவருக்குக் குளிரூட்டிய அறையிலிருந்து தெரியாது. எங்கள் வீட்டில் இரண்டு மணிக்கு ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் தாத்தா தரையில். தகட்டின் முனை மடங்கிவிட்டது, மடங்கினால் நிமிராது. பலமான பசையால் ஒட்டிய கட்டையா என்று கேட்டு வாங்குங்கள். முனைகளை வட்டமாக வெட்டச் சொல்லுங்கள், கூர்முனை கையைக் கிழிக்கும்.

சுவருக்கும் படத்துக்கும் நடுவே விரலளவு இடைவெளி இருக்கும். பல்லிக்கு அதைவிட நல்ல வீடு கிடையாது. குளவியும் மண் கொண்டுவந்து கூடு கட்டும். மாதம் ஒரு முறை எடுத்துப் பின்பக்கத்தைப் பாருங்கள் அக்கா.

மாலையைப் படத்தின் விளிம்பில் போடாதீர்கள். மேலே தனியாக இரண்டு ஆணி அடித்து அதில் தொங்கவிடுங்கள்.


கிராணியம்மா, சுங்கை சிப்புட்
புதன்கிழமை

ஐயாவுக்கும் தங்கைக்கும் தம்பிக்கும் நன்றி. மூவர் எழுதியதையும் அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். தீ என்ற சொல் வந்ததும் அக்ரிலிக் பேச்சை விட்டுவிட்டார். ஆனால் தான் தோற்றதாக ஒப்புக்கொள்ளவில்லை.

சட்டத்தைக் கழற்றினேன். பின்னட்டையில் கரையான் தின்ற தடமும் 1983ஆம் ஆண்டுச் செய்தித்தாள் துண்டும் இருந்தன. கண்ணாடியோடு எடுத்துக்கொண்டு போய், அலுவலகத்தில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து ஸ்கேன் செய்தேன். வந்தது அப்பா இல்லை, மூடுபனிக்குள் ஒரு வேட்டி. இரண்டு முறை கண்ணாடியைத் துடைத்து எடுத்துப் பார்த்தேன், அதே மூடுபனிதான். இயந்திரம் பழுதா, என் கைதான் பழுதா?

அடுத்தது அளவு. அம்மா இரண்டடி உயரம் கேட்கிறார். கடைக்காரர் 12க்கு 18 அங்குலம் வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் வழக்கமான தகடு என்கிறார். கணினியில் அந்த வடிவத்துக்கு வெட்டிப் பார்த்தால், ஒன்று அப்பாவின் ஒரு கை ஓரத்தில் போகிறது, அல்லது பின்னால் மங்கோடு நிற்கும் மரம் போகிறது. எதையும் விட மனமில்லை.

அம்மாவுக்கு வேறொரு கவலை. "வெள்ளை அடி என்கிறாயே, குங்குமக் கறை பிடிக்காதா?" என்று கேட்கிறார். அதற்கு என்ன பதில் சொல்வது?


பழைய சட்டக்கடை, ஈப்போ
புதன் இரவு

இயந்திரமும் பழுதில்லை, உங்கள் கையும் பழுதில்லை. அலுவலகங்களில் இருக்கும் மெல்லிய ஸ்கேனர்களில் பார்வை இயந்திரத்தின் கண்ணாடிமேல் ஒட்டிக் கிடக்கும் தாளுக்கு மட்டும்தான் கூர்மையாக விழும். நடுவில் உங்கள் சட்டக்கண்ணாடியின் 2 மில்லிமீட்டர் வந்துவிட்டதால் மங்கிவிட்டது. உயரமான பழைய மாதிரி ஸ்கேனர் வைத்திருக்கும் ஸ்டூடியோவைத் தேடுங்கள். அதில் லென்ஸ் உண்டு, சற்றுத் தள்ளியிருந்தாலும் பிடித்துவிடும். கிடைக்காவிட்டால் நல்ல கேமராவால் எடுக்கலாம். படத்தைப் படுக்கவைத்து, இரு பக்கமிருந்தும் 45 பாகை சாய்வாக விளக்கு, மேலே நேராகக் கேமரா. கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு எடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கண்ணாடியில் அப்பாவோடு படமெடுப்பவரும் நிற்பார்.

அளவுக்கு வருவோம். 3ஆர் என்பது மூன்றரைக்கு 5 அங்குலம். 600 புள்ளியில் உங்களுக்கு 2100க்கு 3000 கிடைக்கும். இரண்டடி உயரத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 125 புள்ளிதான் விழும். கூடத்தின் மறுகோடியிலிருந்து பார்த்தால் போதும். ஆனால் பொட்டு வைக்கிறவர் முழங்கை தூரத்தில் நின்று பார்ப்பாரே. நீளம் 18க்குள் இருந்தால் 165ஐத் தாண்டும். கடைக்காரர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

வெட்ட வேண்டாம். அகலம் 12 வைத்தால் உங்கள் படத்தின் உயரம் 17 அங்குலத்துக்குச் சற்று மேல் வரும். தகட்டில் மீதி முக்கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். அதைக் கீழே ஒரு பட்டையாக விட்டு, பெயரையும் தோற்றம் மறைவு நாட்களையும் எழுதிவிடுங்கள். கையும் இருக்கும், மரமும் இருக்கும்.

எழுத்தை நீங்களே கணினியில் அடித்துப் படத்தோடு படமாக்கி அனுப்புங்கள். கடைக்காரரிடம் எழுத்துரு இல்லாவிட்டால் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகப் போய் நிற்கும். "மறைவு" என்பது "மறவு" என்று வந்து, தகட்டில் ஏறிய பிறகு எவராலும் அழிக்க முடியாமல் நின்ற படம் ஒன்றை நானே விற்றிருக்கிறேன். அந்தக் குடும்பம் திட்டியது இன்னும் காதில் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பாதீர்கள், அது பிழிந்து சக்கையாக்கிவிடும். ஆவணமாக அனுப்புங்கள், அல்லது மின்னஞ்சல்.

அம்மாவின் கேள்விக்கு நான் பதில் சொல்வதைவிடத் தகடே சொல்லட்டும். பெரிய படத்துக்கு முன்னால் உள்ளங்கை அளவில் ஒரு மாதிரி கேளுங்கள், பளபளப்பில் ஒன்று மங்கலில் ஒன்று. அதே படத்தை அச்சிடச் சொல்லுங்கள். நிறத்தையும் பார்த்துக்கொள்ளலாம், அம்மாவையும் பொட்டு வைக்கச் சொல்லலாம்.


கிராணியம்மா, சுங்கை சிப்புட்
மூன்று வாரம் கழித்து, ஞாயிறு

படம் வந்துவிட்டது. சுவருக்கும் ஏறிவிட்டது. நடந்ததை எழுதாமல் போனால் ஐயா கோபித்துக்கொள்வார்.

ஈப்போவில் உயரமான ஸ்கேனர் வைத்திருக்கும் ஸ்டூடியோ ஒன்று கிடைத்தது. நிறத்தைத் திருத்திய பையனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். வேட்டியைக் காட்டி "இதுதான் வெள்ளை" என்றேன். ஒரு சொடுக்கில் மரங்கள் பச்சையாகிவிட்டன. நான் பச்சையாக அந்த மரங்களைப் பார்த்துப் பல ஆண்டாகிறது. கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு வரவில்லை. பையன் அதற்குள் முகத்தை வெளுக்க ஆரம்பித்துவிட்டான். கையைப் பிடித்து நிறுத்தினேன். காகிதம் கண்ணாடியைத் தொட்ட இடங்கள் ஈரத் திட்டுகள்போலக் கறுத்திருந்தன. தோளில் இருந்ததை எடுத்துவிட்டான், காலருகில் இருந்ததை விட்டுவிடச் சொன்னேன். அது நிழல் என்று நினைத்துக்கொள்ளலாம்.

மாதிரித் தகடுகள் இரண்டும் வந்தன. அம்மாவிடம் கொடுத்து, "இது பரீட்சை. தினமும் வையுங்கள்" என்றேன். ஒரு வாரம் காலையும் மாலையும் வைத்தார். மஞ்சள் தனியாக, சந்தனம் தனியாக, குங்குமம் எண்ணெயோடு, எண்ணெய் இல்லாமல் என்று ஆலைப் பரிசோதனைக் கூடத்தில்கூட அப்படிச் சோதித்திருக்க மாட்டார்கள். எட்டாம் நாள் ஈரத்துணியால் துடைத்தோம். பளபளப்பில் ஒன்றும் நிற்கவில்லை. மங்கலில் மஞ்சள் இட்ட இடத்தில் மெலிதாக ஒரு வளையம் நின்றது, சோப்பு நீருக்கும் போகவில்லை. அம்மாவே பளபளப்பைத் தேர்ந்தெடுத்தார். வளையம் விழுந்த மாதிரியைத் தூக்கிப்போட விடவில்லை. அது இப்போது சமையலறையில் அரிசி வாளிக்கு மேல் இருக்கிறது.

பெட்டியைப் பிரிக்கும்போது அண்ணன் மகள் முழுவதையும் காணொளியாக எடுத்தாள். முனை மடங்கியிருந்தால் காட்டுவதற்கு. மடங்கவில்லை. தம்பி சொன்னபடி முனைகளை வட்டமாக வெட்டி, கட்டையைப் பசையால் ஒட்டி அனுப்பியிருந்தார்கள். மேலே இருந்த பாதுகாப்புப் படலத்தைச் சுவரில் மாட்டிய பிறகுதான் உரித்தோம். அதை உரிக்கும் உரிமைக்கும் ஒரு சண்டை வந்தது, கடைசியில் அண்ணன் உரித்தார். தூக்கிப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதான் கனமா?" என்றார். அரைக் கிலோகூட இல்லை. அக்ரிலிக் 5 மில்லிமீட்டரில் போட்டிருந்தால் முக்கால் கிலோவைத் தாண்டியிருக்கும் என்று ஐயாவைப்போல் பேசிக் காட்டினேன்.

மேற்குச் சன்னலின் வெயில் நேராக விழும் சுவரில்தான் பழைய படம் இருந்தது. புதியதை எதிர்ச் சுவருக்கு மாற்றிவிட்டோம். விளக்கை ஓரடி முன்னால் தள்ளி ஒரு முக்காலியில் வைத்தாயிற்று. மாலைக்குத் தனியாக இரண்டு ஆணி. பல்லி ஏற்கெனவே வந்து பார்த்துவிட்டுப் போனது.

திதியன்று அம்மா விரலில் சந்தனத்தை எடுத்துக்கொண்டு நெற்றிக்குக் கொண்டுபோனார். பாதியில் நிறுத்திவிட்டார். "இதில் திருநீறு தெரிகிறதே" என்றார். ரோஜா நிறத்தில் பார்த்துப் பார்த்து, அவர் அது வெளிச்சம் பட்ட தழும்பு என்று நினைத்திருக்கிறார். பொட்டைத் திருநீற்றுக்குக் கீழே, புருவங்களுக்கு நடுவில் சிறிதாக வைத்தார். தகட்டில் அந்த இடம் ஒரு வெள்ளிக்காசு அளவுகூட வராது. அந்த விரலுக்கு அவ்வளவு நிதானம் உண்டென்று எனக்கு அன்றுதான் தெரியும்.

பழைய படத்தைக் கண்ணாடியோடு பருத்தித் துணியில் சுற்றி அலமாரியில் படுக்கவைத்திருக்கிறேன்.

ஐயாவிடம் கடைசியாக ஒரு சந்தேகம். நான் வாங்கிக் கொடுத்த மைக்ரோஃபைபர் துணியை அம்மா தொடுவதில்லை. அப்பாவின் பழைய வேட்டி ஒன்றைக் கிழித்து, அதை நனைத்துத்தான் வியாழக்கிழமை இரவு துடைக்கிறார். கேட்டால், "அவர் முகத்தை அவர் துண்டால்தானே துடைப்பார்" என்கிறார். பரவாயில்லையா?


பழைய சட்டக்கடை, ஈப்போ
ஞாயிறு இரவு

நன்றாகத் துவைத்துத் துவைத்து மெலிந்த பருத்தி என்றால் பரவாயில்லை, அம்மா. நனைத்து, சந்தனம் ஊறும் வரை மேலே ஒற்றி வைத்துவிட்டுப் பிறகு துடைக்கச் சொல்லுங்கள். ஜரிகைக் கரை இருந்தால் மட்டும் வெட்டிவிடுங்கள். அது கீறும்.